அத்தியாயம் 7: வெறுங்கால் பாதையில் நாயோடு

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றுகிறவர்களில் பெரும்பாலோர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். உங்கள் நாயும் அப்படித்தான் நடக்கப் போகிறது. இந்த ஊரில் நாயோடு நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது. தரை எத்தனை மணிக்குச் சுடத் தொடங்கும், வழியில் என்ன முள் கிடக்கும், நாய் கழித்த மலத்தை யார் மிதிப்பார்கள் என்று எதைக் கேட்டாலும் அது பாதத்தைப் பற்றிய கேள்விதான். தன் காலுக்கு ஆகாத தரையில் நாயை நடத்தாதவர், பிறர் காலுக்கு ஆகாததை நாய் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்பவர், இந்த அத்தியாயத்தின் முக்கால் பங்கை ஏற்கெனவே கற்றவர்.

மலையின் பழைய நாய்கள்

இந்த மலைக்கும் நாய்களுக்கும் உள்ள உறவு புதிதல்ல. ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், அதன்பின் 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். அந்த ஆண்டுகளில் அவரோடு இருந்த நாய்களைப் பற்றி அவரது வரலாற்றை எழுதியவர்கள் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அவற்றில் கமலா என்ற பெண் நாய் நமக்கு முக்கியமானவள். புதிதாக வந்த அன்பர் மலையைச் சுற்றிப் பார்க்க விரும்பினால், அவரை அழைத்துப் போகும்படி கமலாவிடம்தான் ரமணர் சொல்வாராம். அவளும் மலையைச் சுற்றியுள்ள கோயில், தீர்த்தம் ஒவ்வொன்றுக்கும் அவரை அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாளாம். ஜாக்கி என்ற நாய்க்கு ரமணாசிரம வளாகத்தில் சமாதியே இருக்கிறது. பசு லட்சுமி, மான், காகம் ஆகியவற்றின் சமாதிகளுக்கு அருகில் அதை இன்றும் பார்க்கலாம். ஆசிரமத்தில் நாய்களுக்குச் சாப்பாடு போட்ட பிறகே மற்றவர்களுக்குப் பரிமாறும் வழக்கம் இருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நடையில் நாம் கைக்கொள்ள வேண்டிய வழக்கம் அது: தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் முதல் மடக்கு நாய்க்கு.

கமலாவைப் பற்றிப் படித்ததும் தன் நாயையும் அவிழ்த்துவிட ஆசை வருவது இயல்பு. ஆனால் கமலா இந்த மலையில் வளர்ந்தவள். எந்தப் பாறை எப்போது சுடும், எந்தச் சுனையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்தத் திருப்பத்தில் வேறு நாய்க்கூட்டம் படுத்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ காரில் வரும் உங்கள் நாய்க்கு இதில் ஒன்றும் தெரியாது. அது இங்கே விருந்தாளி. கழுத்தில் சங்கிலியோ, உடம்பில் ஹார்னெஸ்ஸோ, உங்கள் கையில் அதன் வாரோ இல்லாமல் அதை ஓர் அடிகூட நடத்த வேண்டாம்.

எந்தப் பாதை, எது வேண்டாம்

*கிரிவலப் பாதை.* 14 கிலோமீட்டர். வீட்டு நாய்க்கு ஏற்ற முதல் தேர்வு இதுதான். ஆனால் முழுச் சுற்று வேண்டாம். ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் பேருந்தும் லாரியும் ஓயாது. அந்தச் சாலையைவிட்டு வலப்புறம் பிரிந்து, பாதையோர லிங்கச் சன்னதிகளில் ஒன்றான நிருதி லிங்கம் வழியாகப் போகும் பகுதியில் மரநிழல் உண்டு, இரைச்சல் குறைவு, ஓரத்தில் நடைபாதையும் இருக்கிறது. இந்தப் பகுதியில் நாலைந்து கிலோமீட்டர் நடந்தால் நடுத்தர வயது நாய்க்குப் போதுமானது. குபேர லிங்கத்தைத் தாண்டி ஈசான்ய லிங்கம் வழியாக ஊருக்குள் நுழையும் பகுதி சந்தடி மிகுந்தது. நாயோடு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வலம் வருகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்து, சாலையின் இடது ஓரமாக நடப்பது மரபு. நாய்க்கும் இது நல்லதே. மான் வருவது மலைப்பக்கத்திலிருந்து. எனவே நாயை உங்கள் இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டால் காட்டுக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். பாதி வழியில் திரும்பினால் கூட்டத்துக்கு எதிரே நடக்க வேண்டியிருக்கும். அது பிடிக்காதவர்கள் முடிக்கும் இடத்தில் ஓர் ஆட்டோவை ஏற்பாடு செய்துகொள்ளலாம். நாயைப் பார்த்ததும் சில ஓட்டுநர்கள் தயங்குவார்கள். முந்தின நாளே, “அண்ணே, கூட நாய் ஒண்ணு இருக்கு, சீட்டுல துணி விரிச்சுக்கிறேன், வருவீங்களா?” என்று கேட்டுப் பேசிவைப்பது நல்லது.

*ஸ்கந்தாசிரமப் பாதை.* பெரிய கோயிலின் மேற்கே, பேய்க்கோபுரத்துப் பக்கத்திலிருந்து ஏறினால் விரூபாட்ச குகையும் அதற்கு மேலே ஸ்கந்தாசிரமமும் வரும். ரமணாசிரமத்தின் பின்புறத்திலிருந்தும் கல் பதித்த பாதை ஒன்று ஏறுகிறது. ஆசிரமத்துப் பாதை ஆசிரம வளாகத்தின் வழியே போவது. அதில் வீட்டு நாயைக் கொண்டு நுழைய வேண்டாம். ஊர்ப்பக்கத்துப் பாதையில் ஏற விரும்பினால் முந்தின நாளே வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலைமேல் போக்குவரத்துக்கான நேரமும் கட்டுப்பாடும் மழை, காட்டுத்தீ, திருவிழா ஆகியவற்றைப் பொறுத்து மாறும். அனுமதி கிடைத்தாலும் குகைக்கும் ஆசிரமத்துக்கும் உள்ளே நாய் போகக் கூடாது. அங்கே கண்மூடி அமர்ந்திருப்பவர்கள் பல மைல் தாண்டி அமைதி தேடி வந்தவர்கள். ஒரு குரைப்பு போதும் அதைக் கலைக்க. எனவே இரண்டு பேராகச் செல்லுங்கள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் நாயோடு நிழலில் காத்திருக்கலாம்.

*மலை உச்சி.* வேண்டாம். சுமார் 2,668 அடி உயரமுள்ள உச்சிக்கு வனத்துறை அனுமதியின்றி ஏறத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் நாய்க்கு அது ஏற்ற ஏற்றம் அல்ல. நிழலற்ற பாறை, உருளும் கற்கள், இடையில் தண்ணீர் இல்லாத நீண்ட நேரம். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைச்சரிவில் ஏற்பட்ட மண்சரிவு அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீட்டோடு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. மழை ஊறிய சரிவில் மனிதரோ நாயோ கால் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

*பர்வதமலை.* இதே மாவட்டத்தின் புகழ்பெற்ற ஏற்றம். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி என்று இரும்பைப் பிடித்து ஏறும் இடங்கள் அங்கே உண்டு. நாயின் காலுக்கு அந்தப் படிகள் பொருந்தா. தூக்கிக்கொண்டு ஏறினால் உங்களுக்குப் பிடிமானத்துக்குக் கை இருக்காது. நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டிய மலை அது.

*ஜவ்வாது மலை.* ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்ப்பாதைகள் நாயோடு நடக்க அருமையானவை. உயரத்தால் வெயிலின் கடுமையும் குறைவு. ஆனால் கரடி உலவும் காடு அது. கரடியைக் கண்டு குரைத்து ஓடும் நாய், பயந்து உங்களிடமே திரும்பி ஓடிவரும். பின்னால் கரடியும் வரும். உள்ளூர்க்காரர் ஒருவர் துணையோடு, பகலில், ஊரை ஒட்டிய பாதையில் மட்டும், வாரைக் கையிலிருந்து விடாமல் நடங்கள்.

எப்போது

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். இதில் கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களையும், ஒவ்வொரு பௌர்ணமியையும் அதற்கு முன்பின் நாட்களையும் கழித்துவிடுங்கள். பல லட்சம் கால்களுக்கு நடுவே நாய்க்கு நடக்க இடமில்லை. தீபத்தின்போது வெடிச்சத்தமும் சேர்ந்துகொள்ளும். வெடிக்கு மிரண்டு கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடும் நாயை அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது கடினம். ஏப்ரல், மே மாதங்களில் நாயோடு நடைப்பயணமே வேண்டாம்.

நேரம் விடியற்காலை. ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மாலை நடை குளுமையாகத் தோன்றும்; ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த தார்ச்சாலையும் பாறையும் சூரியன் மறைந்த பிறகும் வெகுநேரம் சூட்டைக் கக்கும். உங்கள் முகத்துக்குக் காற்று வீசும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும் நாயின் வயிற்றுக்குச் சூடுதான் வீசும். சோதித்துப் பார்ப்பது எளிது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். எண்ணி முடிக்குமுன் கையை எடுக்கத் தோன்றினால் அந்தத் தரை நாய்க்கு ஆகாது. நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் இந்தச் சோதனைகூடத் தேவைப்படாது.

எந்த நாய்

நம் நாட்டு நாய்கள் இந்த நிலத்துக்குப் பொருந்தியவை. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கு ஈடான நடைத்துணை இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் குறைந்த ரோமமும் உள்ளவை, வெயிலைத் தாங்கும். ஆனால் அவை பார்வையால் இரை துரத்தும் வேட்டை நாய்கள். புள்ளிமான் ஒன்று வாலை நிமிர்த்தி ஓடியதும், வருஷக்கணக்கில் நீங்கள் பழக்கிய சொல் அதன் காதில் விழாது. ராஜபாளையத்தின் வெள்ளை ரோமத்துக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு. மூக்கும் காதும் வெயிலில் புண்ணாகும். அந்த இனத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டால் வரும் என்று நம்பி விடுவதற்குமுன் அதைச் சோதித்திருக்க வேண்டும்.

பக், ஷிட்ஸு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை அழைத்து வர வேண்டாம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் சிறிது வியர்க்கும். உடம்புச் சூட்டை அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் வெளியேற்றுகிறது. மூச்சுப் பாதை குறுகிய நாயால் அது முடியாது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற பனிநாட்டு நாய்களுக்கும் இதே பதில்தான். ஒரு வயது நிரம்பாத குட்டியின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வரை பொறுத்திருங்கள். முதிய நாய்க்கு மூட்டையும் இதயத்தையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே நெடுநடை.

எந்த நாயானாலும் மெத்தையிலும் டைல்ஸ் தரையிலும் வளர்ந்திருந்தால் அதன் உள்ளங்கால் மென்மையாக இருக்கும். பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே காலையில் மண்ணிலும் சரளையிலும் நடத்துங்கள். இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு அரை கிலோமீட்டர் கூட்டினால் போதும். பாதத்தோல் தடிக்கும், மூச்சும் பழகும்.

ஊசிகளும் மருந்துகளும்

வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை. முதல் முறையாகப் போடுகிறீர்கள் என்றால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும். டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் தவறக் கூடாது. இது உங்கள் நாய்க்காக மட்டுமல்ல. டிஸ்டெம்பர் கிருமி நாயிலிருந்து காட்டு விலங்குகளுக்குத் தாவும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் இருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது கொன்றது; சுற்றுப்புறத்து வளர்ப்பு நாய்களிடமிருந்து அது வந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டிலும் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது இதே கிருமி அகப்பட்டது. நம் மலையில் சிங்கம் இல்லை. நரியும் மரநாயும் உண்டு.

குடற்புழு நீக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இந்த ஊரில் இதற்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. நாயின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து பொரிந்து, அதன் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். தோலுக்கடியில் நெளிந்து நெளிந்து சிவந்த கோடு போடும்; வாரக்கணக்கில் அரிக்கும். பத்துக் கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கும் ஒரு பாட்டிக்கு நம் நாயால் அது நேரக் கூடாது. ஆகவே மலத்தை எடுக்கப் பழைய செய்தித்தாளும் ஒரு பையும் எப்போதும் இருக்கட்டும். ஓரமாகத் தள்ளி மண்ணைப் போட்டு மூடுவது போதாது. அந்த ஓரத்திலும் யாரோ உட்காருவார்கள்.

பையில் என்ன

- தண்ணீர்: 20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு மணி நேர நடைக்கு அரை லிட்டர். அதற்கு மேல் இன்னோர் அரை லிட்டர், குடிக்க அல்ல, உடம்பில் ஊற்ற.
- மடக்கக்கூடிய கிண்ணம். பொதுக் குழாயடியிலும் மாட்டுத் தொட்டியிலும் நாய் வாய் வைக்கக் கூடாது.
- நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னெஸ். ஐந்தடிக்கு மிகாத உறுதியான வார். நீண்டு சுருங்கும் வகை வேண்டாம். அதன் நூல் வெறுங்கால்களை அறுக்கும்.
- உங்கள் கைபேசி எண் எழுதிய கழுத்துப்பட்டை.
- முள் எடுக்க இடுக்கி, பஞ்சு, போவிடோன் அயோடின், கட்டுத்துணி.
- கால் புண்பட்டால் போட்டுவிட ஒரு பழைய காலுறை.
- ஒரு குடை. மழைக்கும் வெயிலுக்கும் ஆகும். முக்கியப் பயன் கீழே வருகிறது.
- உடம்பைத் தாங்கித் தூக்க ஒரு பருத்தித் துண்டு அல்லது வேட்டி.
- தடுப்பூசி அட்டையின் படம் கைபேசியில்.

மனிதருக்கான வலி மாத்திரைகளைப் பையில் வைத்திருந்தால் அவை உங்களுக்கு மட்டுமே. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகலாம்.

நடக்கும்போது

*சாப்பாடு.* கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பும், வந்து ஒரு மணி நேரம் வரையிலும் வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம். ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு நிறைந்த வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரைக் கொல்லும்.

*கீழே கிடப்பவை.* வழியெல்லாம் அன்னதான இலைகள் கிடக்கும். நாய்க்கு அது திருவிழா, உங்களுக்கு வேலை. சர்க்கரைப் பொங்கலில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். லிங்கச் சன்னதிகளின் முன்னே சிந்திக் கிடக்கும் கற்பூரம் நாய்க்கு நஞ்சு. நக்கினால் வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை போகும். உடைத்த தேங்காய் ஓடும், திருஷ்டிப் பூசணிச் சிதறலும், உடைந்த பாட்டிலும் பாதத்தைக் கிழிக்கும். சன்னதி நெருங்கும்போதெல்லாம் வாரைச் சுருக்கிப் பிடித்துச் சாலையின் மறு ஓரமாகக் கடந்துவிடுங்கள்.

*மனிதர்கள்.* எல்லோருக்கும் நாய் பிடிக்காது. எல்லோரும் பயமில்லாதவர்களும் அல்ல. ஓரத்தில் சாதுக்கள் படுத்திருப்பார்கள். சிலர் அங்கப்பிரதட்சிணமாக உருண்டு வருவார்கள். அவர்களுக்குப் பத்தடிக்கு முன்பே நின்று, நாயை உட்கார வைத்து, அவர்கள் கடந்த பிறகு நகருங்கள். குழந்தைகள் ஓடிவந்து, “அண்ணே, கடிக்குமா?” என்று கேட்பார்கள். “கடிக்காதுப்பா, வந்து தொடு” என்று சொல்ல வேண்டாம். புதிய ஊரில், புதிய வாசனைகளுக்கு நடுவில், எந்த நாயும் வீட்டில் இருப்பதைப் போல் இருக்காது. “அது புது ஊருன்னு பயந்திருக்கு, தள்ளி நின்னு பாரு கண்ணு” என்றால் குழந்தைக்கும் புரியும்.

*மான்.* கோடையில் தண்ணீர் தேடிப் புள்ளிமான்கள் சாலை வரை இறங்கி வரும். நாய்கள் துரத்திக் கடித்து இறக்கும் மான்களைப் பற்றிய செய்தி இந்த ஊரில் ஒவ்வோராண்டும் வருகிறது. கடிபடாமல் தப்பிய மானும் பிழைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உயிருக்கு அஞ்சி மிகையாக ஓடிய மானின் தசைகள் சிதைந்து, இதயமும் சிறுநீரகமும் செயலிழந்து, அது சில மணி நேரத்திலோ சில நாளிலோ இறக்கலாம். உங்கள் நாய் விளையாட்டுக்காக ஐம்பது அடி துரத்தினாலும் விலை இதுதான். மலையின் பக்கமெல்லாம் தன்னார்வலர்கள் பல்லாண்டுகளாக மரம் நட்டு, வெயிற்காலத் தீயைத் தடுக்கப் புல்லை அறுத்துக் கோடு போட்டு, மானுக்கு மறுபடி ஒரு காட்டை உண்டாக்கி வருகிறார்கள். அந்த உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, வாரைக் கையில் இறுகப் பிடிப்பது.

*குரங்கு.* பொட்டலத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குரங்குக் கூட்டத்தைக் கண்டு நாய் குரைத்தால் தாய்க்குரங்குகள் இறங்கி வரும். நின்று பார்க்காமல், ஓடாமல், ஒரே சீராக நடந்து கடந்துவிடுங்கள்.

*தெருநாய்கள்.* கிரிவலப் பாதையில் டீக்கடை, ஆசிரம வாசல், மண்டபம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாய்க்கூட்டம் உண்டு; ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. வெளி நாய் நுழைந்தால் எழுந்து வருவது அவற்றின் கடமை, கோபப்பட ஒன்றுமில்லை. தூரத்தில் பார்த்ததும் வாரைச் சுருக்கி, நேராகப் போகாமல் வளைந்து சுற்றிப் போங்கள். அவற்றின் கண்ணைப் பார்க்க வேண்டாம். உங்கள் நாயைத் தூக்கித் தோளில் வைக்க வேண்டாம். அவை உங்கள் மேல் தாவும். நெருங்கி வந்தால் குடையை அவற்றின் பக்கமாகச் சட்டென்று விரியுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். கல்லால் அடிக்கக் கூடாது. கடையில் இருப்பவரிடம், “அக்கா, கொஞ்சம் கூப்பிட்டுக்கோங்க” என்றால் போதும். அவர் குரல் ஒன்றுக்கு அத்தனையும் திரும்பும்.

தானே வந்து சேரும் நாய்

நாய் இல்லாமல் நடப்பவர்களும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். ஆசிரமத்துப் பக்கமோ சாலையோரமோ ஏதாவது ஒரு நாய் உங்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கும். சிறிது முன்னே ஓடும், திரும்பிப் பார்க்கும், காத்திருக்கும். கமலாவின் கதை தெரிந்தவர்களுக்கு மனம் நெகிழும். நெகிழட்டும்; ஆனால் அந்த நாயின் எல்லை எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது தயங்கி நின்றால், காதைப் பின்னே மடித்து வாலைத் தாழ்த்தினால், அங்கே அடுத்த கூட்டத்தின் இடம் தொடங்குகிறது. அதன் பிறகும் பிஸ்கட் காட்டி அழைத்துப் போவது அதைக் கடிபட வைப்பது. பத்துக் கிலோமீட்டர் தாண்டி அழைத்துப்போய் விட்டுவிட்டு நீங்கள் ஆட்டோவில் ஏறிவிட்டால், அது பல கூட்டங்களின் பற்களைத் தாண்டி வீடு திரும்ப வேண்டும்.

எனவே, தானே வரும் நாய்க்கு நடுவழியில் சோறு போடாதீர்கள். அது தயங்கும் இடத்தில் நீங்களும் நின்று, அது திரும்பும் வரை நடக்காமல் காத்திருங்கள். கொடுக்க ஆசையிருந்தால் அது புறப்பட்ட இடத்திலேயே, அங்கே அதற்குத் தினமும் சோறு வைப்பவரிடம் கேட்டுக் கொடுங்கள். காயம்பட்ட நாயைக் கண்டால் தொடாமல், விலங்குகளை மீட்டுச் சிகிச்சை தரும் உள்ளூர்க் காப்பகத்துக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்வது பெரிய உதவி. எந்த லிங்கத்துக்கும் எந்த லிங்கத்துக்கும் நடுவில் என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும்.

ஆபத்து வந்தால்

*வெப்பத் தாக்கு.* இந்த ஊரில் வெளியூர் நாய்க்கு வரக்கூடிய ஆபத்துகளில் இதுவே பெரிது. இரைப்பு அடங்காமல் கூடிக்கொண்டே போகும், எச்சில் கெட்டியாகும், ஈறு செங்கல் நிறமாகும், கால் பின்னும், வாந்தி வரும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். முதலில் குளிர வைப்பது, பிறகுதான் வண்டி தேடுவது. நிழலில் கிடத்தி, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில், குறிப்பாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிக்கொண்டே துண்டால் விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி மூட வேண்டாம். அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. இரைப்புத் தணிந்ததும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எழுந்து நடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே ஏற்பட்ட பாதிப்பு மறுநாள்தான் தெரியும்.

*பாம்பு.* நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் முறிமருந்து ஒன்றே; நாய்க்கும் அது வேலை செய்யும். கடிபட்ட இடத்தைக் கீற வேண்டாம், கட்டுப்போட்டு இறுக்க வேண்டாம், நடத்த வேண்டாம். வேட்டியில் கிடத்தி இருவர் தூக்கி, மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள். கிளம்பும் முன்பே ஊரின் கால்நடை மருத்துவமனை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்த்து வையுங்கள். கால்நடை பராமரிப்புத் துறையின் 1962 என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

*நாய்க்கடி.* மனிதரை எந்த நாய் கடித்தாலும், உங்கள் சொந்த நாயே ஆனாலும், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் தடவக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். முதல் ஊசியோடு நிறுத்தாமல், சொல்லும் நாட்களில் எல்லாம் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் கண்டுவிட்டால் அதற்கு மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

திரும்பி வந்த பிறகு

நாயைப் படுக்க வைத்து நான்கு பாதங்களையும் விரலிடுக்கு வரை பாருங்கள். ஊசிப்புல்லின் முள் தோலுக்குள் புகுந்து நகர்ந்துகொண்டே போகும் தன்மையுள்ளது, காதுக்குள்ளும் புகும். நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு உண்ணி தேடுதல்: காதின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்கக் கூடாது; மண்ணெண்ணெய் ஊற்றவும் வேண்டாம். அடுத்த மூன்று வாரத்துக்கு நாயின் பசியைக் கவனியுங்கள். சோர்வு, காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் இவற்றில் ஒன்று கண்டாலும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். விட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை வரை கெடும்.

கிளம்பும் முன் ஐந்து கேள்விகள்

1. இன்று பௌர்ணமியோ திருவிழாவோ மழை எச்சரிக்கையோ இல்லை அல்லவா?
2. எட்டு மணிக்குள் முடிக்கும் அளவுக்குத்தான் தூரத்தைத் திட்டமிட்டிருக்கிறேனா?
3. தடுப்பூசியும் புழு மருந்தும் தேதி தவறாமல் நடந்திருக்கின்றனவா?
4. தண்ணீர், மலம் எடுக்கும் பை, வார் மூன்றும் கையில் இருக்கின்றனவா?
5. நாய் நடுவழியில் உட்கார்ந்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு வர என்னாலோ கூட வருபவராலோ முடியுமா?

ஐந்துக்கும் ஆம் என்றால் கிளம்புங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் நாயை நிழலில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வலம் வந்துவிடுங்கள். அதை வேறொரு நாள் அழைத்து வரலாம். நடுவில் நாய் களைத்துவிட்டால் சுற்றை முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். வேண்டிக்கொண்டது நீங்கள், நாய்க்கு எந்த நேர்த்திக்கடனும் இல்லை.